கம்பாலா பாணியில் ஒரு காதுகுத்து

வெளிநாட்டில் இருந்து திரும்பியவனிடம் நீங்கள் எதையும் கேட்க வேண்டியதில்லை. அவனே சொல்வான். துபாய், சிங்கப்பூர் போய் வந்தவர்கள் பரவாயில்லை. அவர்கள் வர்ணிக்கும் கட்டடங்களை நாம் ஏற்கெனவே போட்டோவில் பார்த்திருப்போம். இரண்டு தடவை தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் போய் வந்தது உகாண்டாவின் தலைநகரமான கம்பாலாவுக்கு. திண்டுக்கல்லில் அதைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் நானே முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். பால்காரரிடம் சொன்னேன். முடிவெட்டுகிறவரிடம் சொன்னேன் (கத்தி கழுத்தில் இருக்கும்போதே). சிலிண்டர் கொண்டு வந்தவர் அதை இறக்கி வைக்கவும் மறந்து, தோளில் வைத்தபடியே கேட்டுவிட்டுப் போனார், பாவம்.

இப்போது நான் அந்தக் கதைகளைச் சொல்வதில்லை. எனக்கே அலுத்துவிட்டது. அதோடு, நான் வாயைத் திறந்தாலே எங்கள் வீட்டில் வேறொரு கதையை எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் ஆளுக்கொரு விதமாக இட்டுக்கட்டிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டுக் களைத்துப் போயிருக்கிறேன். நடந்தது இதுதான் என்று ஒருமுறை நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

கம்பாலாவில் ஒரு ஹார்டுவேர் மொத்தக் கடையில் எனக்கு ஸ்டோர்ஸ் கணக்கு பார்க்கும் வேலை. ஊரைப் பார்த்ததைவிட ஊரின் நெரிசலைப் பார்த்ததுதான் அதிகம். குன்று குன்றாக ஏறி இறங்கும் நகரம் அது. தினமும் எங்காவது புதுக் கட்டடம் எழும்பும், தினமும் எங்கிருந்தாவது புது ஜனம் வந்து இறங்கும், சாலை மட்டும் அதே பழைய சாலை. ஆட்களைத் திணித்துக்கொண்ட வேன்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். அந்த இடுக்குகளில் புகுந்து போகிறவைதான் போடா போடா. (யாரையும் திட்டவில்லை. அங்கே பைக் டாக்ஸிக்கு அதுதான் பெயர். இதை எங்கள் அம்மாவுக்குப் புரியவைக்கவே தனியாக ஒரு நாள் ஆயிற்று.)

மரத்தடியிலோ கடை முக்கிலோ கொஞ்சம் பைக்குகள் நிற்கும். அந்த இடத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர். கிராமத்தில் வாழைத்தோப்பும் காப்பிச் செடியும் பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்துப் பிள்ளைகள் கடனுக்குப் பைக் வாங்கிக்கொண்டு வந்து அங்கே நிற்பார்கள். சவாரி இல்லாத நேரத்தில் டேங்க் மேல் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள். அந்தக் களைப்பைப் பார்த்தால் நமக்கும் கொட்டாவி வரும். பஸ் வரும் வரும் என்று காத்திருந்து பொறுமை போன ஒரு நகரம் தனக்குத்தானே செய்துகொண்ட ஏற்பாடு அது என்று நான் ஒரு தத்துவமே வைத்திருந்தேன். அந்த பைக்குகளில் ஏறாத பொருள் கிடையாது. வாழைத்தார், மெத்தை, உயிரோடு ஆடு. ஒருமுறை ஒரு கதவு நிலை போனது. பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர், தன் வீட்டு வாசலில் நிற்பவரைப் போல, நிலைக்குள் இருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

நான் தினமும் ஏறியது மோசஸ் என்பவரின் பைக்கில். மோசஸிடம் என்னைக் கவர்ந்தது ஒரே விஷயம். அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். உதிரி ஹெல்மெட்டைப் பார்க்காமலே பின்பக்கம் நீட்டுவார். நாம் ஏறி உட்கார்ந்ததும் வண்டி லேசாக அமுங்கும் அல்லவா, அந்தக் கனம் தெரிந்த நொடியில் கிளம்பிவிடுவார். என்ன ஒரு அலட்சியம்! என்ன ஒரு ராஜகளை! ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது என் பெட்டியில் இருந்தது காப்பித்தூள். மனதில் இருந்தது மோசஸின் அந்தத் திரும்பிப் பார்க்காத ஸ்டைல். கூடவே, திண்டுக்கல்லிலும் ஒரு ஸ்டேஜ் ஆரம்பிக்கும் திட்டம்.

நான் போடா போடாவில் பின்சீட்டில் மட்டுமே உட்கார்ந்தவன் என்பது அப்போது எனக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

இனி காதுகுத்து.

என் அண்ணன் செந்திலின் மகள் யாழினிக்கு மொட்டையடித்துக் காது குத்த, அகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் நாள் குறித்திருந்தார்கள். காது குத்துவதென்றால் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். தோடும் அவர்தான் கொண்டு வர வேண்டும். தாய்மாமன் இல்லாமல் ஆசாரி ஊசியை எடுக்க மாட்டார். எடுத்தாலும் பெற்றவள் விடமாட்டாள். இதில் எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அந்தத் தாய்மாமன் எங்கள் வீட்டோடு பேசுவதில்லை.

அவர் முத்துவேல். என் அண்ணி கவிதாவின் ஒரே அண்ணன். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். அப்பா இல்லாத தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். அண்ணனின் கல்யாணத்துக்கு அண்ணனின் கூட்டாளிகள் மண்டப வாசலில் ஒரு மாபெரும் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் எல்லார் முகமும் இருந்தது. கூட்டாளிகள் முகம் இருந்தது. கூட்டாளிகளின் ஜிம் மாஸ்டர் முகம் இருந்தது. ஒரு மூலையில் யாரோ ஒருவர் வளர்த்த நாயின் முகம் இருந்தது. பெண்ணின் அண்ணன் முகம் இல்லை. முத்துவேல் மாமா அந்த ஃப்ளெக்ஸின் கீழே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு வேலைகளை எல்லாம் முறையாக முடித்துக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் ஊருக்குப் போய்விட்டார். அண்ணனும் தேடிப்போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மறந்து போச்சு, அதுக்கு என்ன பண்ண?" என்று இருந்துவிட்டான். அதோடு போக்குவரத்து நின்றது.

அண்ணி போனில் கேட்கப் பயந்து, பெரியவர்களை அனுப்பிக் கெஞ்சிய பிறகு, கடைசியில் முத்துவேல் மாமா வரச் சம்மதித்தார். மனைவி மக்களைக் கூட்டி வரவில்லை. "மொதல்ல நான் போய் எப்படி இருக்குன்னு பாக்கறனுங்க" என்றாராம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அண்ணி ஒரு வாரம் தூங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் இருந்து அவரைக் கூட்டி வர என்னைத்தான் அனுப்பினார்கள். சண்டை நடந்த சமயத்தில் நான் கல்லூரிப் பரீட்சையில் மாட்டிக்கொண்டிருந்ததால், குடும்பத்திலேயே அவருக்குக் கோபம் இல்லாத ஒரே ஆள் நான்.

"ஏலே, பத்திரமாக் கூட்டியாந்துரு. வழியில வாய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்றார் அம்மா.

"நான் இருக்கும்போது என்னம்மா. கம்பாலா டிராஃபிக்கையே பாத்தவன்."

"நீ பாத்தே. ஓட்டுனது எவனோ."

அண்ணி மட்டும் பைக் அருகே வந்து தணிந்த குரலில் சொன்னார்: "தம்பி, அண்ணன் கோவத்துல பாதியில எறங்கறேன்னு சொன்னாலும் விட்டுறாதீங்க. எப்படியாச்சும் கொண்டாந்து சேத்துருங்க."

அன்று பெரிய முகூர்த்த நாள். எங்கள் ஊரில் முகூர்த்த நாளென்றால் ஒரு வழக்கம் உண்டு. கல்யாண வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டு இளவட்டங்களை பைக்கோடு அனுப்பி, பஸ்ஸை விட்டு இறங்கும் விருந்தாளிகளை ஏற்றி வந்து மண்டபத்தில் இறக்குவார்கள். அன்றைக்கு பஸ் ஸ்டாண்ட் முழுக்க அப்படிப்பட்ட பைக்குகள். எல்லார் பின்னாலும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. இறக்கிவிட்டு வெறும் பைக்காகத் திரும்பி வந்து அடுத்தவரை ஏற்றினார்கள். எனக்குப் புல்லரித்தது. கம்பாலா நமக்குள்ளேயே இருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை!

முத்துவேல் மாமா கஞ்சி போட்ட வேட்டி சட்டையோடு இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை. தோடும், பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடையும், தன் செல்போனும் எல்லாம் அதற்குள். பையை வாங்கி டேங்க் மேல் எனக்கு முன்னால் வைத்துக்கொண்டேன். ஹெல்மெட்டைத் திரும்பாமல் பின்னால் நீட்டினேன். கனம் தெரிந்தது. கிளம்பினேன். மோசஸ் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

"ஏனுங்க தம்பி, பாப்பா நல்லா இருக்குதுங்களா?" என்று அவர் கேட்டார். கேட்டவர் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. அவர் தன் மருமகளைக் கைக்குழந்தையாக ஆஸ்பத்திரியில் பார்த்ததோடு சரி. அந்த ஒரு கேள்விக்கு நான் உருப்படியாகப் பதில் சொல்லியிருக்கலாம். "நல்லா இருக்கு மாமா. உங்களுக்குத் தெரியுமா, உகாண்டாவுல..." என்று ஆரம்பித்தேன்.

தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் வரும்வரை அவருக்கு ஆப்பிரிக்க நகரங்களின் போக்குவரத்தை விளக்கினேன். வெயில் வேறு. நான் ஊருக்கு வந்தும் தூக்கம் இன்னும் ஊர் வந்து சேராத காலம் அது, கண்ணெல்லாம் எரிந்தது. பங்கில் நிறுத்தியதும் அவர் இறங்கி, ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்து, "செத்த இருங்க தம்பி, முகம் கழுவிட்டு வந்தர்றேன்" என்று பின்பக்கம் போனார். நான் பெட்ரோல் போட்டுக்கொண்டு, வண்டியைக் காற்றடிக்கும் இடத்துக்குத் தள்ளி நிறுத்தி, மேலே உட்கார்ந்து போனை எடுத்தேன். போடா போடாவைப் பற்றி நான் போட்டிருந்த பதிவின் கீழே யாரோ ஒருவர் "இதெல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படாது" என்று எழுதியிருந்தார். விட முடியுமா? பதில் எழுத ஆரம்பித்தேன். விரலுக்குள் உலகமே சுருங்கிவிட்டது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. "போலாமா தம்பி?" என்றது ஒரு குரல்.

"ஏறுங்க மாமா" என்றேன். ஹெல்மெட்டைத் திரும்பாமல் பின்னால் நீட்டினேன். கை வாங்கிக்கொண்டது. கனம் தெரிந்தது. கிளம்பினேன்.

(மோசஸ் கண்ணாடியில் பார்த்திருப்பார் என்பது இதை எழுதும் இந்த நாள்வரை என் நெஞ்சில் குத்துகிறது. நான் ஓட்டியது அண்ணனின் பைக். அவன் அதன் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி வீட்டுப் பரணில் போட்டிருந்தான். கண்ணாடி இருந்தால் அங்கிள் வண்டி மாதிரி இருக்குமாம்.)

பங்கைத் தாண்டியதும் எனக்குத் திடீரென்று பொறுப்பு வந்தது. எவ்வளவு நேரம் ஆப்பிரிக்காவையே பேசுவது? அண்ணியின் முகம் நினைவுக்கு வந்தது. இந்த மனிதரின் மனதைக் கோயில் போய்ச் சேர்வதற்குள் மாற்றிக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். முன்னால் பார்த்தபடியே, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, காற்றை மீறிக் கத்தினேன்:

"மாமா! மனசுல இருக்கறத சொல்லிடுறேன்! அந்த ஃப்ளெக்ஸ் விஷயத்துல எங்கண்ணன் மேலதான் தப்பு!"

பதில் இல்லை. சரி, உருகுகிறார்.

"மறந்துதான் போச்சு, வேணும்னு செய்யல! ஆனா அன்னைக்கே வந்து உங்க கையப் பிடிச்சு ஒரு வார்த்த சொல்லிருக்கணும்! சொல்லாதது அவன் திமிரு!"

தோளில் ஒரு தட்டு விழுந்தது. "தம்பி... தம்பி..." என்று ஏதோ சத்தமும் வந்தது. மாமா என்னைத் தட்டிக்கொடுக்கிறார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் மாமா! நான் சொல்லி முடிச்சிடுறேன்! அண்ணி ஒவ்வொரு பொங்கலுக்கும் உங்க நம்பர எடுத்து வச்சுக்கிட்டு, அடிக்கவும் பயந்து, வைக்கவும் மனசில்லாம உட்காந்திருக்கும்! நான் பாத்திருக்கேன்!"

தட்டுகள் பலமாயின. ஒரு கல்யாண மண்டபத்தைக் கடந்தபோது இரண்டு கையாலும் முதுகில் அடித்தார். வேகத்துக்குப் பயப்படுகிறார் என்று புரிந்துகொண்டேன். "பயப்படாதீங்க மாமா! கம்பாலாவுல இதவிட வேகமாப் போவாங்க!" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் முறுக்கினேன். அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை. என் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டார். மன்னிப்பு என்பது எவ்வளவு அழகானது என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் எல்லாரும் காத்திருந்தார்கள். பைக்கைப் பார்த்ததும் மேளம் கொட்டியது. ஒருவர் பன்னீர் தெளித்தார். இன்னொருவர் மாலையை ஹெல்மெட்டுக்கு மேலேயே போட்டார். நான் இறங்கி, எம்.எல்.ஏ. வேட்பாளரைப் போலக் கையை உயர்த்தி அறிவித்தேன்: "எல்லாம் பேசி முடிச்சுட்டேன்! மாமா மனசுல இப்ப ஒண்ணும் இல்ல!"

அண்ணி ஓடி வந்து, "அண்ணா..." என்று காலில் விழப் போனார்.

ஹெல்மெட் கழன்றது.

நரைத்த மீசை. வட்டக் கண்ணாடி. கழுத்தில் ஒரு சிறிய சிலுவை. மாலைக்குள் இருந்து அந்த முகம் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. மேளக்காரர் இதைக் கவனிக்காமல் இன்னும் கொஞ்சம் வாசித்தார்.

"நான் அருளப்பனுங்க" என்றார் அவர் மெதுவாக. "எங்கூட வேலை பாத்தவரு மகளுக்கு வழியில தாண்டி வந்த மண்டபத்துல கல்யாணம். பங்க்ல நில்லுங்க, பைக்குல ஆள் வரும்னு சொன்னாங்க. இந்தத் தம்பி ஏறுங்க மாமான்னுச்சு. ஏறிட்டேன்."

"சொல்ல வேண்டியதுதான சார்?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எங்கப்பு சொல்ல விட்டே?"

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணனின் முகம் சிவந்தது. ஆனால் அண்ணி யாரையும் பார்க்கவில்லை. பைக் டேங்கின் மேல் இருந்த மஞ்சள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் அண்ணனின் நம்பரை அழுத்தினார். பைக்குள்ளேயே போன் அடித்தது.

அண்ணி பையைத் திறந்தார். தோடு, பட்டுப்பாவாடை, போன். எல்லாம் வந்திருந்தது, ஆளைத் தவிர.

"சீர மட்டும் குடுத்துட்டுத் திரும்பிட்டாரு" என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எறங்கறேன்னு சொன்னாலும் விடாதீங்கன்னு சொன்னனே தம்பி..."

"இல்ல அண்ணி, முகம் கழுவப் போனாரு, நான்தான் விட்டுட்டு..."

யாரும் நம்பவில்லை. பின்சீட்டில் ஆள் மாறியது தெரியாமல் ஒருவன் வண்டி ஓட்டுவான் என்பதை எந்த நியாயமான மனிதர் நம்புவார்? கோபித்துக்கொண்டு இறங்கியவரை மறைக்க நான் வழியில் ஒருவரைப் பிடித்து வந்துவிட்டதாகவே ஒரு கட்சி நம்பியது. (அதில் அம்மாவும் உண்டு.) நான் பைக்கை நோக்கிப் பாய்ந்தேன். "சாவியத் தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்றான் அண்ணன். அவனுடைய கூட்டாளி ஒருவன் பங்குக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தான். அங்கே அப்படி யாரும் இல்லை.

நல்ல நேரம் முடியப்போகிறது என்று பூசாரி சொல்ல, உறவுக்காரர்கள் மாற்று ஏற்பாட்டில் இறங்கினார்கள். அருளப்பன் சாரை உட்காரவைத்து மோர் கொடுத்து, எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தார்கள். அவருடைய பூர்வீக ஊரில் எங்கள் சித்தி ஒருவர் வாழ்க்கைப்பட்டிருப்பது தெரிந்தது. "அப்பச் சரி, சுத்தி வளச்சுப் பாத்தா நீங்க புள்ளைக்கு மாமன் முறைதேன்! மடியில வச்சுக்கங்க, செத்த நேரந்தேன்!" என்றார் எங்கள் பெரியப்பா. அருளப்பன் சார் மறுக்கத் தெம்பில்லாமல் கால்களை மடித்து உட்காரத் தொடங்கிவிட்டார். அவ்வளவு களைப்பு.

"யாரு மடியும் வேண்டாம்" என்றார் அண்ணி. "எங்கண்ணன் வந்தாக் குத்துங்க. வரலைன்னா எம்மவளுக்குக் காதே குத்த வேண்டாம்." சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஆசாரி ஊசியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

அப்போதுதான் அண்ணியின் போன் அடித்தது. தெரியாத எண். வெறுப்போடு எடுத்தவர், ஒரு வார்த்தை கேட்டதும் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மிணி, அண்ணன் பேசறேன். இங்க ஏதோ ஒரு கல்யாணத்துல உட்காந்திருக்கறேன். கேக்கு வேற குடுக்கறாங்க. போனு பையில போயிருச்சு, இது ஆரோ ஒருத்தருது. மனசுல இருக்கற நம்பரு இது ஒண்ணுதான்."

அத்தனை பொங்கலுக்கும் அண்ணி தன் அண்ணனின் எண்ணை அடிக்காமல் வைத்திருந்தார். அந்தப் பக்கமும் இவர் எண்ணை அதே போலத்தான் மனதில் வைத்திருந்திருக்கிறார். "எங்கீங்ணா இருக்கறீங்க... வாங்ணா... வாங்ணா..." என்று அண்ணி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

முத்துவேல் மாமா முகம் கழுவிவிட்டு வந்தபோது பங்கில் நான் இல்லை. கொஞ்ச நேரத்தில் கல்யாண வீட்டு பைக் ஒன்று வந்து, "உங்களத்தேன் கூட்டியாரச் சொன்னாக, ஏறுங்க" என்றிருக்கிறது. எனக்கு ஏதோ அவசரம், மாற்று ஆள் அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்து அவரும் ஏறிவிட்டார். பாடல் குழுவுக்கு நடுவே உட்காரவைத்து ரோஜாப்பூ கொடுத்த பிறகுதான் இடம் மாறியது தெரிந்திருக்கிறது. அதே பைக் அவரைக் கொண்டு வந்து கோயிலில் விட்டது.

விட்டதே தவிர அவர் உள்ளே வரவில்லை. வாசல் வேப்பமரத்தடியில் நின்றார். போனில் இருந்த குழைவு முகத்தில் இல்லை. அண்ணனைப் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார்: "அன்னிக்குப் போட்டோவ விட்டீங்க. இன்னிக்கு ஆளையே விட்டுட்டீங்க. தோட்டப் போட்டு விடுங்க. பாப்பாவப் பாத்துட்டு நான் கெளம்பறேன்."

அண்ணன் வாயைத் திறந்தான். மூடினான். அவனுக்கு வரவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அந்த வார்த்தை மட்டும் தொண்டையிலேயே நின்றுவிடும். அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஒரு தூணுக்குப் பின்னால் என்னைச் சரியாகப் பொருத்திக்கொண்டேன்.

அருளப்பன் சார் எழுந்தார். கழுத்தில் இன்னும் மாலை. கையில் ஹெல்மெட்.

"நீங்கதான முத்துவேல்? உங்களுக்கு வர வேண்டியது ஒண்ணு தப்பி எங்கிட்ட வந்திருச்சுங்க. குடுத்துட்டுப் போயிடுறேன்" என்றார்.

பிறகு, வாத்தியார் பாடம் ஒப்பிப்பது போல, ஒன்று விடாமல் சொன்னார். (வாத்தியார்தான். ஓய்வு பெற்றவர்.) ஃப்ளெக்ஸ் விஷயத்தில் அண்ணன் மேல்தான் தப்பு. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அன்றைக்கே வந்து கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது திமிர். அந்த இடத்தில் மட்டும் அண்ணனைப் பார்த்து, "தம்பி சொன்ன வார்த்தைங்க, என்னுது இல்ல" என்றார். பொங்கல் அன்றைக்கு அண்ணி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் சொன்னார். "கம்பாலா வேகம்னு ஒண்ணு சொல்லுச்சு. அது உங்களுக்கு வேண்டியதில்ல" என்று முடித்தார்.

அண்ணன் நாலடி நடந்து போய் முத்துவேல் மாமாவின் கையைப் பிடித்தான். "அவன் சொன்னது நெசந்தேன் மச்சான்" என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. போதுமாக இருந்தது.

முத்துவேல் மாமா கையை உருவிக்கொள்ளவில்லை. தூணுக்குப் பின்னால் இருந்த என்னை எட்டிப் பார்த்தார்.

"ஏனப்பா, இம்புட்டையும் ஊருபேரு தெரியாதவருகிட்டச் சொல்லியிருக்கறே. எங்கிட்ட ஆப்பிரிக்காவ மட்டுந்தானப்பா சொன்னே!"

"அவன் அப்படித்தேன் மச்சான்! வந்ததுல இருந்து எங்க உசுர வாங்குறான்!" என்றான் அண்ணன்.

"பஸ் ஸ்டாண்டுல இருந்து பங்க் வரைக்கும் மாப்ள, மூச்சு விடல. முகம் கழுவவா போனேன்? காது ரெண்டும் செத்த நேரம் சும்மா இருக்கட்டுமேன்னு போனேன்."

பல வருஷம் பேசாமல் இருந்த இரண்டு பேரும் அன்றைக்கு முதன்முதலில் மனம்விட்டுப் பேசியது என்னைப் பற்றித்தான். பேசிக்கொண்டே உள்ளே போனார்கள். நல்ல நேரத்தின் வால் போய்க்கொண்டிருந்தது. யாழினி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஊரே கேட்க அலறி, காது குத்திக்கொண்டாள். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். அருளப்பன் சாரைக் கிடாக்கறி சாப்பிடாமல் விடமாட்டோம் என்று உட்காரவைத்துவிட்டார்கள். அவர் கல்யாணத்துக்கே போகவில்லை.

அதன் பிறகு திண்டுக்கல்லில் ஸ்டேஜ் ஆரம்பிக்கும் திட்டத்தை நான் யாரிடமும் பேசவில்லை. இப்போது ஒரு நூல் மில்லில் கணக்கு பார்க்கிறேன். பஸ்ஸில் போகிறேன். அருளப்பன் சார் எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றையும் தவறவிடுவதில்லை. யாழினி அவரை ஹெல்மெட் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். முத்துவேல் மாமா மாதம் ஒருமுறை மூட்டை நிறையக் காய்கறியோடு வருகிறார். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அண்ணிக்குப் போன் செய்து, "ஏனம்மிணி, எனக்குப் பதிலா ஆராச்சும் வந்து சேந்துட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு ஆட்டோ பிடிக்கிறார். ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் வீடே சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. மூட்டையை வாங்கி உள்ளே வைக்கிறேன்.

போன வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக பைக்கை எடுத்தேன். அம்மா பின்னால் ஏறினார். கனம் தெரிந்தது. நான் வண்டியை எடுக்கவில்லை. எஞ்சினை அணைத்தேன், ஹெல்மெட்டைக் கழற்றினேன், முழுதாகத் திரும்பிப் பார்த்தேன்.

"நான்தேன்" என்றார் அம்மா. "கெளம்பு."